லஃபாயெத் திரும்பி வந்த நகரம்

டெலவேர், ஸ்கூல்கில் என்னும் இரண்டு நதிகளுக்கு நடுவே, வில்லியம் பென் என்னும் குவேக்கர் பிரபு 1682ஆம் ஆண்டில் தெருக்களை நூல் பிடித்தாற்போல் வகுத்து ஸ்தாபித்த பிலடெல்பியா நகரம், அமெரிக்கச் சுதந்திரப் போரின் காலத்தில் அந்தக் கண்டத்தின் தலைநகரம் போலவே விளங்கியது. ஆனால் 1824ஆம் ஆண்டு பிறந்தபோது, அந்தப் பெருமைகளில் பெரும்பாலானவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இழந்துவிட்டு, பழைய செல்வத்தின் கௌரவத்தை மட்டும் பற்றிக்கொண்டு நின்றது. பென்சில்வேனியா ராஜ்யத்தின் அரசாங்கம் 1799இல் லான்காஸ்டர் என்னும் உள்நாட்டு ஊருக்கும், பின்னர் 1812இல் ஹாரிஸ்பர்க்குக்கும் பெயர்ந்துவிட்டது. மத்திய அரசாங்கமோ 1800இல் பொடோமக் நதிக்கரையில் புதிதாகக் கட்டிய வாஷிங்டனுக்குக் குடியேறிவிட்டது. ஜனத்தொகையிலும் கடல் வியாபாரத்திலும் நியூயார்க் முந்திக்கொண்டது. ஈரி கால்வாய் வெட்டி முடிந்தால் மேற்குத் தேசத்தின் தானியமெல்லாம் ஹட்ஸன் நதி வழியாக அந்த நகரத்துக்கே போய்ச் சேரும் என்பதை டெலவேர்க் கரை வியாபாரிகள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஒரு நகரம் தன் அதிகாரத்தையும் வியாபாரத்தையும் இழக்கும்போது அதற்கு மிஞ்சுவது ஞாபகம் ஒன்றுதான் என்று சொல்லுவார்கள். பிலடெல்பியா அதையும் இழக்கும் தறுவாயில் இருந்தது என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் வேடிக்கை.

செஸ்ட்நட் தெருவில் 1732இல் கட்டத் தொடங்கிய ஸ்டேட் ஹவுஸ் என்னும் செங்கல் மாளிகையில், கீழ்த்தளத்தின் கிழக்குப் பக்கத்து அறை ஒன்று உண்டு. 1775ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜார்ஜ் வாஷிங்டனைப் பிரதம சேனாதிபதியாக நியமித்தது அந்த அறையில். 1776ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது அந்த அறையில். பதினோரு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க அரசியல் சட்டத்தை இயற்றி முடித்ததும் அதே அறையில்தான். ஆயினும் இந்த மாளிகையின் கதி என்னவாயிற்று? உச்சியில் இருந்த மரக்கோபுரம் உளுத்துப்போனபடியால் 1781இல் இறக்கப்பட்டது. 1802 முதல் மேல்மாடியை சித்திரக்காரர் சார்லஸ் வில்ஸன் பீல் தம் மியூசியத்துக்காக எடுத்துக்கொண்டு, பதம்செய்த பறவைகளையும் மிருகங்களையும் வைத்துக் காட்டி வந்தார். மாளிகையின் இருபுறமும் இருந்த பழைய பகுதிகள் 1812இல் இடிக்கப்பட்டு, குமாஸ்தாக்களுக்கும் பத்திரங்களுக்குமாகப் புதிய ஆபீஸ் கட்டடங்கள் எழும்பின. 1816இல் நிகழ்ந்ததோ எல்லாவற்றிலும் கேவலமானது. ஹாரிஸ்பர்க்கில் புதிய அரசாங்க மாளிகை எழுப்பப் பணம் வேண்டும் என்று, ஸ்டேட் ஹவுஸையும் அதன் பின்புறத்துத் திறந்தவெளியையும் மனைகளாகப் பிரித்து விற்றுவிடச் சட்டசபை தீர்மானித்தது. நகரத்தார் வெகுண்டு, நகரசபையின் பொக்கிஷத்திலிருந்து 70,000 டாலர் கொடுத்து அதை வாங்கி, இரண்டு ஆண்டுகளில் கிரயத்தை முடித்துக்கொண்டார்கள். ஆனால் விற்பனைக்கு வந்த அதே 1816இல், பிரகடனத்தைக் கண்ட அந்தக் கிழக்கு அறையின் சுவரில் பதித்திருந்த அழகிய மரவேலைப்பாடுகளைப் பெயர்த்து எறிந்தவர்களும் உள்ளூர் அதிகாரிகளே. விற்க வந்தவனிடமிருந்து வீட்டைக் காப்பாற்றிவிட்டு, வீட்டுக்குள் இருந்ததைத் தாங்களே அழித்துக்கொண்டவர்களை என்னவென்று சொல்வது?

இந்த நிலைமையில்தான், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் இருந்து ஒரு விருந்தாளி வருகிறார் என்னும் செய்தி வந்தது.

மார்க்கி த லஃபாயெத் என்னும் பிரெஞ்சுப் பிரபு, 1757இல் ஓவர்ன்யு மலைநாட்டில் பிறந்தவர். இரண்டு வயது நிரம்புமுன்னே தந்தையை இங்கிலீஷ் பீரங்கிக் குண்டுக்குப் பறிகொடுத்தவர்; இளமையிலேயே பெருஞ்செல்வத்துக்கு வாரிசானவர்; பத்தொன்பதாவது வயதில், கர்ப்பிணியான மனைவியையும் மன்னரின் தடையுத்தரவையும் பின்னால் விட்டுவிட்டு, சொந்தப் பணத்தில் கப்பல் ஒன்றை வாங்கி, பிறிதொரு தேசத்தின் விடுதலைக்காகப் போராடப் புறப்பட்டவர். தென் கரோலினாவின் கரையில் 1777ஆம் ஆண்டு ஜூன் மாதம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழிகளிலும் மணற்பாதைகளிலும் நூற்றுக்கணக்கான மைல் வடக்கே பிரயாணம் செய்து, குதிரைகள் நொண்டியாகி வண்டிகள் உடைந்துபோக, ஜூலை மாதக் கடைசியில் பிலடெல்பியாவை வந்தடைந்தார்.

அப்போது அந்த நகரம் அவரை வரவேற்ற விதத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டியிருக்கிறது. காங்கிரஸ் மகாசபை கூடியிருந்த ஸ்டேட் ஹவுஸுக்குத் தம் தோழர்களோடு போன லஃபாயெத்தை உள்ளே வரவிடவில்லை. பிரெஞ்சுப் பாஷை தெரிந்த அங்கத்தினர் ஜேம்ஸ் லவல் வெளியே வந்து, வீதியிலேயே அவர்களை நிறுத்திவைத்து, உங்களை யாரும் அழைக்கவில்லை, நீங்களாகத்தான் வந்திருக்கிறீர்கள் என்ற பொருள்படப் பேசிவிட்டு உள்ளே போய்விட்டார். இந்தக் கடுமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாரிஸிலிருந்த அமெரிக்கப் பிரதிநிதி சைலஸ் டீன், கேட்டவர்களுக்கெல்லாம் பெரிய பெரிய சேனைப் பதவிகளை வாக்களித்து அனுப்பிவந்தார். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாமல், ஜெனரல் பதவிக்குக் குறைந்து எதையும் ஒப்புக்கொள்ளாமல், சம்பளத்தில் மட்டும் கண்ணாயிருந்த பிரெஞ்சு வீரர்களின் தொல்லை பொறுக்கமுடியாமல் போயிருந்தது. லஃபாயெத் மற்றவர்களைப்போலக் கோபித்துக்கொண்டு திரும்பவில்லை. சம்பளம் வேண்டாம், தொண்டனாகச் சேவை செய்யத் தொடங்கினால் போதும் என்று இரண்டே விஷயங்களை எழுதி உள்ளே அனுப்பினார். ஜூலை 31ஆம் தேதி, போர்க்களத்தையே கண்டறியாத அந்த வாலிபனுக்கு மேஜர் ஜெனரல் பதவியைக் காங்கிரஸ் வழங்கியது. அதன்பின் சில நாட்களுக்குள், இரண்டாவது தெருவிலிருந்த சிட்டி டாவர்ன் என்னும் சத்திரத்தில் நடந்த விருந்தொன்றில் வாஷிங்டனைச் சந்தித்தார். பிள்ளையில்லாத அந்தச் சேனாதிபதிக்கும் தந்தையில்லாத அந்தப் பையனுக்கும் அன்று ஏற்பட்ட பந்தம், வாஷிங்டனின் மரணம்வரை குறையாமல் நின்றது.

அந்த ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி, நகரத்துக்குத் தென்மேற்கே பிராண்டிவைன் சிற்றாற்றங்கரையில் நடந்த போரில், சிதறி ஓடிய சிப்பாய்களைத் திரட்டி நிறுத்த முயன்றபோது அவர் காலில் குண்டு பாய்ந்தது. டெலவேர்க் கரையிலுள்ள செஸ்டர் ஊரில் காயத்துக்குக் கட்டுப்போட்டு, பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து படகில் ஏற்றி நதியின் மேல்போக்கில் பிரிஸ்டலுக்கு அனுப்பினார்கள்; பிறகு பெத்லஹேமில் இருந்த மொராவிய சபையார் அவரைப் பராமரித்துக் குணப்படுத்தினார்கள். செப்டம்பர் 26ஆம் தேதி இங்கிலீஷ் சைனியம் பிலடெல்பியாவுக்குள் நுழைந்தது. காயம்பட்ட வாலிபன் போன அதே நதியில், பின்னர் சத்துருவின் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சி நின்றன.

அதற்குப் பிறகு நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1781இல் யார்க்டவுன் வெற்றியில் பெரும் பங்கு. தாய்நாடு திரும்பி, 1789 ஜூலையில் மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் வரைவைப் பிரெஞ்சு மகாசபையில் சமர்ப்பித்தது. தேசியக் காவற்படையின் தலைமை. பஸ்தீல் சிறையின் சாவியை வாஷிங்டனுக்குக் காணிக்கையாக அனுப்பியது. பின்பு தீவிரவாதிகளுக்கும் அரச கட்சியாருக்கும் ஒருங்கே பகையாகித் தப்பியோடி, 1792 முதல் ஐந்து ஆண்டுகள் பிரஷ்யாவின் சிறைகளிலும் ஆஸ்திரியாவின் ஓல்முட்ஸ் கோட்டையிலும் அடைபட்டது. மனைவி அத்ரியென், பிரெஞ்சுப் புரட்சியின் கொலைமேடைக்குத் தாயையும் பாட்டியையும் சகோதரியையும் பலிகொடுத்தபின், இரண்டு பெண்குழந்தைகளை அழைத்துக்கொண்டு, கணவரோடு சேர்ந்து இருப்பதற்காகத் தாமே வலியச் சென்று அந்தச் சிறையில் புகுந்தார். அந்தச் சிறைவாசம் கெடுத்த உடம்பு முற்றும் தேறாமலே 1807இல் மரித்தார். லஃபாயெத்தின் வீரத்தைப் பாடியவர்கள் பலர். அந்த அம்மையாரின் வீரம் அதனினும் குறைந்ததென்று எனக்குத் தோன்றவில்லை.

1824இல் லஃபாயெத் பிரெஞ்சுச் சட்டசபைத் தேர்தலில் தோற்று, பூர்போன் மன்னராட்சியின் ஒற்றர்கள் கண்காணிக்க, கடன் சுமையோடு கிராமத்தில் இருந்தார். அப்போது ஜனாதிபதி மன்றோ அவரைத் தேசத்தின் விருந்தாளியாக வரவேண்டுமென்று அழைத்தார். போர்க்கப்பல் அனுப்புவதாகக் காங்கிரஸ் சொன்னதை மரியாதையுடன் மறுத்து, காட்மஸ் என்னும் சாதாரணப் பிரயாணிக் கப்பலில், மகன் ஜார்ஜ் வாஷிங்டன் லஃபாயெத்தும் காரியதரிசி லெவஸெரும் உடன்வர, ஆகஸ்டு மாத நடுவில் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தார். நான்கு மாதம் தங்குவதாக உத்தேசித்து வந்தவர், பதின்மூன்று மாதம் தங்கி, அக்காலத்து இருபத்துநான்கு ராஜ்யங்களையும் சுற்றிவிட்டே கப்பலேறினார். அவருடைய முகம் பொறித்த ரிப்பன்களும் கையுறைகளும் கடைகடையாக விற்றன. யார்க்டவுனில் எந்தத் தேசத்தின் சைனியம் ஆயுதத்தை ஒப்படைத்ததோ அந்த இங்கிலாந்தின் ஸ்டாபர்ட்ஷயர்க் குயவர்களே, லஃபாயெத் நியூயார்க்கில் கரையிறங்கும் காட்சியை நீலநிறத்தில் தட்டுகளில் பதித்து அமெரிக்காவுக்கு அனுப்பிக் காசு பார்த்தார்கள். வியாபாரத்துக்குத் தோல்வியின் ஞாபகம் கிடையாது.

பிலடெல்பியாவுக்கு அவர் வரப்போகிறார் என்பது நிச்சயமானவுடன், அந்த வரவேற்பை எங்கே நடத்துவது என்னும் கேள்வி பிறந்தது. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் இருக்கமுடியும் என்பது அப்போதுதான் நகரத்தாருக்குப் பளிச்சென்று விளங்கியது. பரணில் கிடந்து களிம்பேறிய குத்துவிளக்கை, சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று தெரிந்ததும் இறக்கிப் புளிபோட்டுத் துலக்குகிற குடும்பத்தாரைப்போல, அவர்கள் அந்தக் கிழக்கு அறையின் பக்கம் திரும்பினார்கள். அலங்கார வேலை, வில்லியம் ஸ்ட்ரிக்லண்ட் என்னும் சிற்ப சாஸ்திரியிடம் ஒப்புவிக்கப்பட்டது. அதே செஸ்ட்நட் தெருவில், கிரேக்க தேவாலயத்தைப்போன்ற முகப்புடன் அமெரிக்க பாங்கியின் மாளிகையை அப்போதுதான் கட்டி முடித்திருந்தவர் அவர். சிவப்பும் நீலமுமான திரைகள் தொங்கவிட்டு, கம்பளங்கள் விரித்து, சுதந்திரப் போரின் பிரமுகர்களுடைய படங்களை மாட்டி, வில்லியம் ரஷ் என்னும் மரச்சிற்பி செதுக்கியிருந்த வாஷிங்டனின் ஆளுயரச் சிலையைக் கிழக்குப் புறத்தில் நிறுத்தினார்கள். கப்பல்களின் முகப்பில் வைக்கும் உருவங்களைச் செதுக்கி டெலவேர்த் துறையிலே பேரெடுத்தவர் இந்த ரஷ். அவருடைய கைவேலை, நதியை விட்டு மாளிகைக்குள் வந்தது இப்படித்தான்.

மாளிகைக்கு எதிரே, செஸ்ட்நட் தெருவின் குறுக்கே, ரோமாபுரியிலுள்ள செப்டிமியுஸ் ஸெவேருஸ் சக்கரவர்த்தியின் வெற்றி வளைவை மாதிரியாகக்கொண்டு, மரச்சட்டத்தில் கித்தான் துணியை இழுத்துக் கட்டிக் கல்லென்று மயங்கும்படி வர்ணம் தீட்டிய பெரிய வளைவொன்றை ஸ்ட்ரிக்லண்ட் எழுப்பினார். அதன்மேல் ஞானம், நீதி என்னும் இரண்டு தேவதைகளின் உருவங்களை ரஷ் செதுக்கி வைத்தார். நகரத்தின் சின்னத்தைச் சித்திரக்காரர் தாமஸ் ஸல்லி வரைந்தார். ஆதியில் சேர்ந்த ராஜ்யங்களின் கணக்குக்கு ஒத்து, ஊர்வலம் வரும் வழிநெடுக பதின்மூன்று வளைவுகள் நின்றன. குடியரசொன்றின் சேவகனை வரவேற்க, ரோமச் சக்கரவர்த்தியின் வளைவை ஏன் தேடிப் போனார்கள் என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால், அழகுக்கு அரசியல் கிடையாது என்று ஸ்ட்ரிக்லண்ட் பதில் சொல்லியிருக்கக்கூடும்.

செப்டம்பர் 27ஆம் தேதி, டெலவேர் நதியைக் கடந்து பென்சில்வேனியாவின் எல்லையிலுள்ள மாரிஸ்வில்லில் லஃபாயெத் கால்வைத்தபோது, கவர்னர் ஷுல்ஸ் அவரை எதிர்கொண்டழைத்தார். அன்றிரவு பிராங்க்போர்டு ஆயுதசாலையில் தங்கி, மறுநாள் காலை நகரப் பிரவேசத்துக்குப் புறப்பட்டார்கள். சீருடையணிந்த உள்ளூர்ப் படைகள் அணிவகுத்து மரியாதை செய்தன. ஆறு குதிரைகள் பூட்டிய திறந்த வண்டியில் லஃபாயெத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், எண்பது வயதான நீதிபதி ரிச்சர்டு பீட்டர்ஸ்; 1777இல் யுத்த இலாகாவின் காரியதரிசியாயிருந்து, உணவும் துணியும் வெடிமருந்தும் இல்லாத சைனியத்துக்கு அவற்றைத் தேடி அலைந்தவர் அவரே. அறுபத்தேழு வயதான விருந்தாளி பழுப்புநிறப் பொய்முடி தரித்து, சாதாரண உடையில் வந்தார். வண்டியிலிருந்து இறங்கும்போது அவர் சற்று நொண்டி நடந்ததைக் கண்டு, அது பிராண்டிவைனில் பட்ட காயம் என்று ஜனங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கண்ணீர் விட்டார்கள். உண்மையில் அது 1803இல் பாரிஸில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, வைத்தியர்கள் புதிய யந்திரமொன்றை மாட்டிப் பரீட்சை செய்ததால் வந்த ஊனம். அந்த ரகசியத்தை அன்று உடைக்க யாருக்கும் மனம் வந்திராது.

ஊர்வலத்தின் நெடுமையைக் காரியதரிசி லெவஸெர் தம் நூலில் வியந்து எழுதியிருக்கிறார். சேனாபதியின் வண்டிக்குப் பின்னால் வந்த நீண்ட திறந்த வண்டிகளில், சுதந்திரப் போரில் சண்டையிட்ட கிழவர்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் பின்னால் நகரத்தின் தொழிலாளர் கூட்டங்கள் தத்தம் கொடிகளுடன் நடந்தன: நெசவாளர், கயிறு திரிப்போர், கப்பல் கட்டும் தச்சர், பீப்பாய் செய்வோர், செருப்புத் தைப்போர், கசாப்புக்காரர். அச்சுத்தொழிலாளர்கள் மட்டும் எல்லாரையும் மிஞ்சினார்கள். வண்டி ஒன்றின்மேல் அச்சுயந்திரத்தையே ஏற்றி, தெருவில் போகப்போக அதை இயக்கி, லஃபாயெத்தைப் புகழும் கவிதை ஒன்றை ஈரம் உலராத மையோடு அச்சிட்டு ஜனக்கூட்டத்தில் வீசிக்கொண்டே போனார்கள். பத்திரிகைச் சுதந்திரமே மனித உரிமைகளுக்கு உறுதியான காவல் என்னும் கருத்தை அந்த யந்திரத்தின்மேல் எழுதி வைத்திருந்தார்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் என்னும் அச்சுக்காரர் வாழ்ந்து மறைந்த ஊரல்லவா அது! கை வேலையைத் தெருவுக்குக் கொண்டுவந்து காட்டிய இந்த ஊர்வலத்தைப் பற்றிப் படிக்கும்போது, பிரபுக்கள் நடத்திய விருந்துகளைப் பற்றிப் படிக்கும்போது தோன்றாத ஒரு மரியாதை தோன்றுகிறது.

வளைவின் கீழே வண்டி நின்றது. நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் எந்தக் கட்டடத்தின் வாயிலில் அவரை நிறுத்திவைத்துத் திருப்பியனுப்பினார்களோ, அந்தக் கட்டடத்துக்குள் கையைப் பிடித்து அழைத்துப்போனார்கள். மேயர் ஜோஸப் வாட்ஸன் வரவேற்புரை வாசித்தார். பதில் சொன்ன லஃபாயெத், இந்தச் சுவர்களுக்குள்தான் சுதந்திரம் தைரியமாகப் பிரகடனம் செய்யப்பட்டதென்றும், இங்கேதான் சைனியத்தைத் திரட்டும் யோசனையும் வாஷிங்டனைத் தலைவராக்கும் எண்ணமும் உதித்தனவென்றும் நினைவுபடுத்தினார். தாம் வீதியில் நின்ற கதையை எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் 1776க்குப் பிறகு பிறந்தவர்கள். அந்த அறையில் அவர்கள் தேர்தல்களுக்கும் வழக்குகளுக்கும் வந்துபோயிருப்பார்கள். அது எப்பேர்ப்பட்ட இடம் என்பதை, அன்னியதேசத்துக் கிழவர் ஒருவர் தழுதழுத்த குரலில் சொல்லக் கேட்டபோதுதான் உணர்ந்தார்கள். அன்றிரவு நகரம் முழுவதும் ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கேற்றி வைத்தார்கள்.

ஒரு வாரம் அவர் அங்கே தங்கினார். அந்த அறையிலேயே உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்தார். பாதிரிமார், பள்ளிக் குழந்தைகள், பழைய சேனை உத்தியோகஸ்தர்கள், பென்ஷனுக்கு மனுப்போட்டுக்கொண்டிருந்த சிப்பாய்கள், எல்லாரும் வந்தார்கள். ஸ்கூல்கில் நதிக்கு அணைகட்டி, நீர்ச்சக்கரங்களால் தண்ணீரை மேட்டில் ஏற்றி, குழாய் வழியாக நகரமெங்கும் விநியோகித்த ஃபேர்மவுண்ட் நீர்நிலையத்தை அவருக்குக் காட்டினார்கள். அந்நாளில் பிலடெல்பியாவார் விருந்தாளிகளிடம் பெருமையோடு காட்டத்தக்க புதிய பொருள் அது. பழைய பொருள் ஸ்டேட் ஹவுஸ் என்பதை அவர்கள் கண்டுபிடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அக்டோபர் 4ஆம் தேதி செஸ்ட்நட் தெரு நாடகசாலையில் நடந்த நடன விருந்தைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். அங்கே வாத்திய கோஷ்டியை நடத்தியவர் பிரான்ஸிஸ் ஜான்ஸன் என்னும் நீக்ரோ இசைவாணர்; லஃபாயெத்தின் பெயரில் அணிநடைக் கீதம் ஒன்றையும் அவர் இயற்றியிருந்தார். அவர் வாசிக்க, வெள்ளைச் சீமாட்டிகளும் சீமான்களும் ஆடினார்கள். அவருடைய இனத்தார் யாரும் அங்கே விருந்தினராக இருக்கமுடியாது. அதே நகரத்தில் டெலவேர்க் கரையில், பாய்மரச் சீலை தைக்கும் பெரிய தொழிற்சாலையை நடத்தியவர் ஜேம்ஸ் போர்ட்டன் என்னும் சுதந்திர நீக்ரோ. 1776 ஜூலை 8ஆம் தேதி ஸ்டேட் ஹவுஸ் முற்றத்தில் பிரகடனத்தை முதன்முதலாக வாசித்தபோது ஒன்பது வயதுப் பையனாக நின்று கேட்டவர்; பதினைந்து வயதுக்குள் போர்க்கப்பலில் சேர்ந்து, இங்கிலீஷ்காரரின் சிறைக்கப்பலில் அடைபட்டு மீண்டவர். ஜூலை நான்காம் தேதி விழாக்களின்போது தம் இனத்தார் தெருவில் தலைகாட்டினால் அடித்து விரட்டப்படுகிறார்கள் என்று 1813இல் அவர் மனம் நொந்து எழுதியிருந்தார். லஃபாயெத்தோ அடிமை முறையை வாழ்நாள் முழுவதும் வெறுத்தவர். கயென் தீவாந்தரத்தில் தோட்டம் வாங்கி, அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்கும் முயற்சியில் தம் பணத்தைச் செலவிட்டவர். நியூயார்க்கில் நீக்ரோக் குழந்தைகளின் பள்ளிக்கு நேரில் போய்வந்தார். விருந்தாளிக்கு இருந்த அந்த விசாலம் விருந்தளித்தவர்களுக்கு இல்லை என்பதை மறைத்து எழுதினால் சரித்திரம் பொய்யாகிவிடும்.

இன்னொரு விஷயமும் மனத்தை உறுத்துகிறது. அந்த டிசம்பரில் காங்கிரஸ் லஃபாயெத்துக்கு இரண்டு லட்சம் டாலரும், பெரிய நிலப்பரப்பொன்றும் வழங்கியது. தம் செல்வத்தையெல்லாம் இரண்டு புரட்சிகளில் கரைத்தவருக்கு அது அதிகமல்ல. ஆனால் ஊர்வலத்தில் அவருக்குப் பின்னால் திறந்த வண்டியில் வந்த கிழச்சிப்பாய்கள், 1818ஆம் ஆண்டுச் சட்டப்படி பென்ஷன் பெறுவதற்கு, தாங்கள் ஏழைகள் என்று நிரூபிக்கவேண்டியிருந்தது; 1820க்குப் பின்னரோ வீட்டிலுள்ள சட்டிபானை, நாற்காலி, ஒற்றைப் பசு வரைக்கும் ஜாபிதா எழுதிக் கோர்ட்டில் சத்தியம் செய்யவேண்டியிருந்தது.

அக்டோபர் 5ஆம் தேதி மாலை, டெலவேர்த் துறையில் நீராவிக் கப்பலேறி நதியின் கீழ்ப்போக்கில் புறப்பட்டு, இரவில் செஸ்டர் ஊரை அடைந்தார். நீராவிக் கப்பல் என்பதே அவர் வாலிபத்தில் இல்லாத ஒன்று. ஜான் பிட்ச் என்பவர் அதே நதியில், அரசியல் சட்டம் இயற்ற வந்த பிரதிநிதிகளுக்குத் தம் நீராவிப் படகின் வெள்ளோட்டத்தை 1787இல் காட்டினார். பிராண்டிவைன் காயத்துக்கு முதற்கட்டுப் போட்ட ஊர் செஸ்டர் என்பதை முன்னரே சொன்னேன். நிலாமுற்றத்தில் கதை கேட்பதைப்போல் அவ்வூரார் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் மறுபடியும் பிலடெல்பியாவுக்கு வந்து, ஜெர்மன்டவுனையும் பாரன் ஹில் குன்றையும் பார்த்துவிட்டு, 26ஆம் தேதி பிராண்டிவைன் போர்க்களத்தையும் தரிசித்தார். அந்த இரண்டாம் வருகையில் வளைவுகள் இல்லை. அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார். செப்டம்பர் மாதம், பிராண்டிவைன் என்றே பெயரிட்ட போர்க்கப்பலில் பிரான்ஸுக்குத் திரும்பினார்.

கித்தான் வளைவுகள் பிரிந்து போயின. ஆனால் கிழக்கு அறையைப் பழையபடி மறந்துவிட நகரத்தாரால் முடியவில்லை. அதைச் சுதந்திர மண்டபம் என்று அழைக்கத் தொடங்கினார்கள். பின்னாளில் அந்தப் பெயரே மாளிகை முழுவதற்கும் ஆயிற்று. உளுத்து இறக்கிய கோபுரத்துக்குப் பதிலாகப் புதிய கோபுரம் எழுப்பும் பணி ஸ்ட்ரிக்லண்டுக்கே கிடைத்து, 1828இல் முடிந்தது. பெயர்த்தெறிந்த மரவேலைப்பாட்டை மீண்டும் அமைக்க 1831இல் ஜான் ஹாவிலண்டு என்னும் சிற்ப சாஸ்திரியை நியமித்தார்கள். வரவேற்புக்காக வைத்த ரஷ்ஷின் வாஷிங்டன் சிலையையும் நகரம் விலைக்கு வாங்கிக்கொண்டது. இப்படியெல்லாம் ஞானோதயம் பெற்றவர்களே, புதிய கோபுரத்துக்குப் புதிய மணி வார்த்த வில்பாங்க் என்பவருக்கு, பழைய மணியைப் பழைய உலோக விலையில் கொடுத்துவிட ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். வண்டிக்கூலி மணியின் விலையைத் தாண்டும் என்று அவர் அதை எடுத்துப்போகாமல் விட்டார். நகரசபை அவர்மேல் வழக்கே தொடுத்தது. இன்று உலகமெங்கும் விடுதலை மணி என்று பெயர்பெற்றிருப்பது அந்த மணிதான்.

பிலடெல்பியாவுக்குப் போகும் வாசகர்கள் செஸ்ட்நட் தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கும் அந்த வெள்ளைக் கோபுரம் 1776இல் இருந்ததல்ல. சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தவர்கள் அதைக் கண்டதில்லை, லஃபாயெத்தும் கண்டதில்லை. அவர் வந்துபோன நான்காம் ஆண்டில் எழுந்த கோபுரம் அது.